'ஸ்னோ ஃபால்': படத்தை அணைத்துவிட்டுப் படிங்க

நியூயார்க் டைம்ஸில் 2012 டிசம்பரில் வந்த ஜான் பிராஞ்சின் 'ஸ்னோ ஃபால்' பற்றி எங்க துறையில யாரைக் கேட்டாலும் அதன் வடிவமைப்பைத்தான் சொல்வாங்க. ஸ்க்ரோல் பண்ணினால் பனி பறக்கும், மலை சுழலும். 2013இல் அதற்கு புலிட்சர் கிடைத்ததோ கட்டுரைப் பிரிவில்.

வாஷிங்டன் மாநிலம், ஸ்டீவன்ஸ் பாஸ், 2012 பிப்ரவரி 19. 16 பேர் பனிச்சறுக்குக்குப் போனார்கள். பனிச்சரிவில் 3 பேர் இறந்தார்கள். கத்துக்குட்டிகள் இல்லை, பலர் அந்த மலையிலேயே பழகியவர்கள். இறகு போல உறைந்த படிகங்களின் மேல் கனமான புதுப்பனி உட்கார்ந்தால் மேலடுக்கு பலகை மாதிரி வழுக்கும் என்பது தெரியாதவர்களா? கூட்டம் பெரிசா இருக்கே என்று சிலருக்கு உறுத்தவும் செய்தது. ஆனா யாரும் 'திரும்பிடலாம்'னு சொல்லல. இத்தனை பெரிய ஆட்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது! (வெள்ளிக்கிழமை சாயங்கால ரிலீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.) பனிச்சரிவு ஆய்வாளர் இயன் மக்கமன் பேர் வைத்தே எழுதியிருக்கும் பொறி இது.

பிராஞ்ச் இந்த மௌனத்தை யார் மேலும் பழி போடாமல் எழுதியிருக்கிறார். அதுதான் கட்டுரையின் உயிர். அனிமேஷனோ பனி எப்படிச் சரிந்தது என்று காட்டுகிறது. மேலே நின்று முடிவெடுத்த அந்தச் சில நிமிடங்களின் மௌனத்தை அனிமேஷனால் காட்ட முடியாது. கண் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. அச்சிலும் தனி இணைப்பாக வந்தது, கிடைத்தால் அதைப் படிங்க.