புகையும் கணக்கும் மாறிய ஆட்டம்

2023 செப்டம்பர் 27 அன்று கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 கணினி விளையாட்டு வெளிவந்தபோது எல்லோரும் வாய்பிளந்தது அதன் வெளிச்சத்தையும் தண்ணீரையும் பார்த்துத்தான். புது சோர்ஸ் 2 என்ஜினில் எல்லாம் பளபளத்தது. ஆனால், 2012-ல் வந்த முந்தைய ஆட்டமான குளோபல் அஃபென்சிவை ஓரங்கட்டிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரும் ஆட்டத்தைப் பளபளப்பை வைத்து எடைபோட முடியாது. ஐந்து பேர் குண்டு வைக்க வருகிறார்கள், ஐந்து பேர் தடுக்கிறார்கள் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. ஏகே-47 துப்பாக்கியின் விலையும் ஆட்டக் காசில் பழைய 2,700 டாலர்தான். மிராஜ், இன்ஃபெர்னோ ஆகிய வரைபடங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆட்டத்தின் போக்கைத் திருப்பியவை இரண்டே மாற்றங்கள்: ஒன்று புகைக்குண்டு, இன்னொன்று சுற்றுகளின் எண்ணிக்கை.

பழைய ஆட்டத்தில் புகை என்பது ஒரு திரை. விழுந்தால் 18 விநாடிக்கு அந்த வழி அடைபட்டது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஓரத்தில் சரியான இடம் பிடித்தவர் எதிரியைப் பார்ப்பார், எதிரிக்கு அவர் தெரியமாட்டார் என்ற ஓரவஞ்சனையும் அதில் உண்டு. புதிய ஆட்டத்தில் புகைக்குக் கனம் வந்துவிட்டது. வாசல் வழியே பரவுகிறது, அறையை நிறைக்கிறது, பத்துப் பேருக்கும் ஒரே வடிவில் தெரிகிறது. தோட்டா பாய்ந்தால் கீறல் விழுகிறது. கையெறி குண்டு வெடித்தால் சில நொடிகள் பெரிய ஓட்டையே விழுகிறது.

மிராஜின் நடுப்பகுதியைப் பாருங்கள். தாக்கும் அணி அங்கே இறங்குமுன் ஜன்னலைப் புகையால் அடைக்கும். முன்பெல்லாம் ஜன்னலில் நிற்கும் ஸ்னைப்பர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், இல்லையேல் இடம் மாற வேண்டும். இப்போது கூட்டாளி ஒருவர் 300 டாலர் கையெறி குண்டை அந்தப் புகைக்குள் எறிந்தால் போதும். திறக்கும் இடைவெளியில் ஒரு குறி, ஒரு சூடு. புகையை நம்பி நடந்துவந்தவர் சுருண்டு விழுவார். மறைவு கிடைத்துவிட்டது என்று யாரும் நிம்மதியாக நிற்க முடியாது.

அடுத்தது கணக்கு. முன்பு 30 சுற்றுகளில் முதலில் 16 எடுப்பவருக்கு வெற்றி. இப்போது 24-ல் 13. கேட்பதற்குச் சின்ன வெட்டு. ஆனால், பாதி ஆட்டத்தைத் தொடங்கும் கைத்துப்பாக்கிச் சுற்றில் தோற்ற அணி, கையில் காசில்லாமல் அடுத்த இரண்டு சுற்றுகளையும் பறிகொடுத்தால் என்ன ஆகும்? முன்பு பாதி ஆட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். இப்போது கால்வாசியே போய்விடுகிறது. 4,750 டாலர் ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டு ஒரு சுற்றை விட்டுக்கொடுப்பதும் முன்னைவிடக் கூடுதல் நஷ்டம்.

மேஜர் எனப்படும் பெரும்போட்டிகளில் புதிய ஆட்டத்தின் முதலாவது, 2024 மார்ச்சில் கோபன்ஹேகனில் நடந்தது. இறுதிப் போட்டியில் நாவி அணி முதல் வரைபடத்தை 13-9 என எடுத்தது. மிராஜில் ஃபேஸ் அணி 13-2 என்று துவைத்தெடுத்தது. அடுத்து இன்ஃபெர்னோவில் நாவி 13-3 என்று திருப்பிக் கொடுத்துக் கோப்பையைத் தூக்கியது. ஒரே மாலையில் அதே பத்துப் பேருக்குள் இப்படி இரண்டு சரிவுகள். சறுக்கினால் எழுந்துகொள்ள இப்போது அவகாசம் குறைவு.

பொறுமைக்குக் கிடைத்த சலுகை குறைந்தால் வேகத்துக்கு மவுசு கூடும். அதே ஆண்டு டிசம்பரில் ஷாங்காய் மேஜரை ஸ்பிரிட் அணி வென்றபோது தொடரின் சிறந்த வீரர் 17 வயது டோங்க். எதிரி நிதானிப்பதற்குள் மேலே விழுந்து சுடுபவர். அதற்காகப் பழைய கைகளுக்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். பழைய ஆட்டத்தின் கடைசி மேஜரை 2023-ல் பாரிஸில் வென்றது வைட்டாலிட்டி. 2025-ல் ஆஸ்டினில் புதிய ஆட்டத்தின் மேஜரை வென்றதும் அதே அணிதான். இரண்டிலும் சிறந்த வீரர் ஸ்னைப்பர் ஜைவூ. குறி தவறாதவருக்கு எந்த என்ஜினும் ஒன்றுதான்.

குறை எங்கே? சப்-டிக் என்ற ஏற்பாட்டில். பழைய ஆட்டத்தின் சொந்த சர்வர்கள் விநாடிக்கு 64 முறை நிலவரத்தைப் பதிந்தன. பெரிய போட்டிகளில் 128 முறை. புதியதில் இரு பதிவுகளுக்கு நடுவே விசை அழுத்திய கணத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். ஏட்டில் இது முன்னேற்றம். ஆனால், சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் சாகிறோம் என்ற புலம்பல் தொழில்முறை வீரர்களிடமிருந்தே வந்தது.

தீர்ப்பு இதுதான். புகைக்கு முழு மதிப்பெண். 13 சுற்றுக் கணக்கு பார்ப்பவருக்கு விருந்து, பின்தங்கிய அணிக்குத் தண்டனை. அதற்குப் பாதி மதிப்பெண். சப்-டிக் இன்னும் தேறவில்லை. மொத்தத்தில், அரங்கில் உட்கார்ந்து பார்க்கப் புதியதுதான் சிறந்த ஆட்டம். வீட்டில் விளையாடப் பழையதற்கே என் ஓட்டு.