செந்துருத்தியும் மங்கல இசையும்

ஆடித்தபசு போன்ற திருவிழா நாட்களில் சங்கரன்கோயில் வீதியில் நிற்கும் அன்பர்க்குத் திருமுறை பெரும்பாலும் ஒலிபெருக்கி வழியாகவே செவிப்படுகின்றது. கையில் ஏடு இல்லை. இசை எப்பொருளைத் தருமோ அதுவே அவர்க்குப் பாடலின் பொருளாகும். ஆதலின் இசையமைப்பாளர் பொறுப்பு உரையாசிரியர் பொறுப்பிற் குறைந்ததன்று. இதற்குச் சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் அருளிய செந்துருத்திப் பதிகம் தக்க சான்று.

தேவாரத்துள் இப்பண்ணில் அமைந்தது இஃதொன்றே. சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த நாயனார், காஞ்சியில் இடக்கண் பெற்று, வலக்கண் வேண்டி ஆரூர்ப் பெருமான் திருமுன் நின்று பாடியது. மீளாத அடிமைத் திறத்தை முதற்கண் கூறிவிட்டு, அடியார் வருந்தவும் வாளாவிருக்கும் பெருமானைத் தோழமை உரிமையால் இடித்துரைக்கின்றார். பதினொரு பாடலின் ஈற்றிலும் வரும் தொடர் வெளித்தோற்றத்தில் வாழ்த்து, உள்ளே வசை. சகமார்க்கத்தின் இயல்பு இத்தொடரில் விளங்குமாறு வேறெங்கும் விளங்கவில்லை எனலாம்.

செந்துருத்தியை ஓதுவார்கள் மத்தியமாவதி இராகமாகப் பாடுவர். அவ்விராகமோ கச்சேரி முடிவில் மங்கலமாகப் பாடப்பெறுவது. செவியும் அதற்கே பழகிவிட்டது. இந்நிலையில் மிருதங்கம் விரைய, ஈற்றுத்தொடரைக் குழுவினர் மும்முறை நான்முறை மடக்கிப் பாடுவாராயின், வசை கரைந்து வாழ்த்தொன்றே எஞ்சும். கண்ணிழந்தவர் கேட்ட கேள்வி, கண்பெற்றவர் பாடிய மங்கலமாய் மாறிவிடுகின்றது. ஓரெழுத்தும் திரியவில்லை, பொருளோ முற்றும் திரிந்தது.

இது பண்ணின் குற்றமன்று. அவ்விராகத்தைக் கச்சேரி இறுதிக்குரியதாக்கிய வழக்கு, பதிகத்திற்கு மிகப் பிற்பட்டது. தாளத்தோடு பாடும் பண்ணாங்கமும் மரபே. அதனை விலக்குதல் வேண்டா. ஆயினும் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடுங்கால், ஈற்றுத்தொடர்க்கு முன் ஓதுவார் சிறிது நிற்க இடமுண்டு. அந்நிறுத்தத்திலேதான் மனக்குறை வெளிப்படும். பின்னணிக் கருவிகள் இடையறாது ஒலிக்கும் பதிவுகளில் அவ்விடம் அடைபட்டுப் போகின்றது. தருமபுரத்தில் யாழில் அடங்காத பதிகம் கேட்டு யாழையே முறிக்க ஓங்கிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், பாட்டிற்கும் கருவிக்கும் உள்ள அளவை நன்குணர்ந்தவர்.

ஈற்றுத்தொடரை ஒருவரே, ஒருமுறையே, கருவிகள் அடங்கிய நிலையில் பாடிப் பதிவு செய்தல் அரிய செயலன்று. பத்துப் பாடலும் அங்ஙனம் சென்று, பதினோராவதன்பின் கருவிகள் எழுமாயின் தடையில்லை. நாயனார் வலக்கண் பெற்றது அதன்பின்னரே.