நிரலும் மதிப்பீடும்: வோட்வில் அரங்கின் உருப்படிகள் குறித்து ஓர் ஆய்வு

ஒரு பாட்டைத் தனித்து வைத்து மதிப்பிடுவதோ, அது தொகையுள் நிற்கும் இடத்தொடு வைத்து மதிப்பிடுவதோ என்னும் வினா தொகைநூல் பயில்வார்க்குப் புதிதன்று. அகநானூற்றின் ஒற்றைப்படை எண்களெல்லாம் பாலைக்கு உரியன என்று அறிந்தபின், அந்நூலின் ஒரு பாலைப் பாட்டை நாம் படிக்கும் முறை சிறிதேனும் மாறிவிடுகின்றது. இதே வினா, இலக்கியத்திற்குச் சேய்மையில் உள்ளதாகத் தோன்றும் ஒரு கலைக்களத்தில், கலைஞர்தம் பிழைப்பையே அறுதியிடும் வினாவாக நின்றது. அமெரிக்க நாட்டு வோட்வில் அரங்கினையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

வோட்வில் என்பது கதைத் தொடர்பு இல்லாத பல்சுவைக் காட்சி. பாட்டு, ஆட்டம், பந்தெறி வித்தை, பழக்கிய விலங்குகள், குறுநாடகம், நகைப்பேச்சு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரும்பாலான உருப்படிகள் பத்து முதல் இருபது நிமிடத்துள் முடிந்துவிடும். பாஸ்டனில் பி. எஃப். கீத் 1885இல் இடையறாக் காட்சி முறையைத் தொடங்கியதிலிருந்து, நியூயார்க்கின் பேலஸ் அரங்கு 1932இல் திரைப்படத்திற்கு இடம் விட்டது வரையிலான காலத்தை இதன் சிறப்புக் காலம் எனலாம்.

இக்காட்சியில் இயைபு இல்லை என்று கூறுவோர் நிரலை நோக்காதவர். பேலஸ் அரங்கிற்கு உருப்படிகளைத் தேர்ந்தமைத்த ஜார்ஜ் காட்லீப், ஒன்பது உருப்படி கொண்ட நிரலின் அமைப்பை விளக்கியுள்ளார். பிரெட் பேஜ் 1915இல் வெளியிட்ட வோட்வில் எழுத்து பற்றிய நூலில் அவ்விளக்கம் உள்ளது. முதலாவதாக வருவது பேச்சில்லாத உருப்படி. காலந்தாழ்த்து வருவோர் இருக்கை தேடும் ஓசையில் சொற்கள் அழியும். ஆட்டமோ விலங்கு வித்தையோ ஆயின் அழிவதற்குச் சொல் இல்லை. இரண்டாவது அவையை அமர்த்தும் பாட்டு. மூன்றாவது அவையை விழிப்பிக்கும் குறுநாடகம். நான்காவதும் ஐந்தாவதும் படிப்படியாக ஏறி இடைவேளையில் உச்சம் தொடும். ஆறாவதன் நிலை மிக இரங்கத்தக்கது. இடைவேளை கழித்து வரும் அவையினரை அது தளரவிடலாகாது. தனக்குப் பின்வருவனவற்றை விஞ்சவும் கூடாது. எட்டாவது, நிரலின் பெரும்புகழாளர்க்கு, பெரும்பாலும் நகைச்சுவையாளர்க்கு, உரிய இடம். ஒன்பதாவது கண்ணுக்கு விருந்தாகும் ஒரு வித்தை. அது நிகழும்பொழுதே அவையினர் எழுந்து செல்லத் தொடங்குவர்.

இவ்வொழுங்கில் மேடையின் ஆழமும் ஒரு கூறாகும். முன்திரைக்கு முன்னே, மேடை விளிம்பில் ஒருவர் பாடும்பொழுது, திரைக்குப் பின்னே அடுத்த குறுநாடகத்திற்கு வீடும் வாயிலும் அமைக்கப்படும். ஆகவே ஒரு பாட்டு இரண்டாம் இடத்தில் நிற்பதற்கு அதன் சுவை மட்டுமே காரணம் அன்று. மூன்றாவதன் தச்சு வேலைக்குக் காலம் வேண்டியிருந்தமையும் காரணம்.

இந்நிலையில் கைதட்டலை அளவுகோலாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? முதலாவது உருப்படி பெறும் சிறு கைதட்டலும் எட்டாவது பெறும் பேரொலியும் ஒரே நிறைகோலில் ஏறா. நிரலே கைதட்டலின் ஒரு பகுதியை முன்னதாகவே பங்கிட்டு வைத்துவிடுகின்றது. பெயரும் அவ்வாறே. 1913 மே திங்களில் சாரா பெர்னார்ட் அம்மையார் பேலஸ் அரங்கில் பிரெஞ்சு மொழியில் நடித்தார். அம்மொழி அறியாதாரும் திரண்டனர். அவ்வாண்டு மார்ச்சில் திறந்து தடுமாறிக்கொண்டிருந்த அரங்கு நிலைபெற்றது. அவ்வெற்றியில் நடிப்பிற்கு உரியது எவ்வளவு, பெயர்க்கு உரியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுதல் திறனாய்வாளன் கடன். வருவாய்க் கணக்கு அதனைச் செய்யாது.

இடமறிந்து மதிப்பிடும் முறையை, வியப்பாக, நாளிதழ் எழுத்தாளரினும் மிகுதியாக மேலாளரிடமே காண்கின்றோம். கீத் நிறுவனத்தின் அரங்க மேலாளர்கள் திங்கட்கிழமைப் பகற்காட்சியைக் கண்டு, ஒவ்வோர் உருப்படிக்கும் சில வரி அறிக்கை எழுதி அனுப்புவர். எத்தனை நிமிடம், மேடையின் எவ்வளவு ஆழம், அவை எங்ஙனம் ஏற்றது, எச்சொல்லை நீக்க வேண்டும் என்பன அதில் இருக்கும். பின்னர் உருப்படிகளை இடம் மாற்றுவதும் உண்டு. இரண்டாம் இடத்தில் வாடியது நான்காம் இடத்தில் தழைக்கக்கூடும் என்னும் அறிவு அம்மாற்றத்தில் உள்ளது. அவ்வறிவைத் திறனாய்வு என்று அழைக்க யான் தயங்கேன். ஆயின் அஃது ஊதியக் கணக்கிற்கு ஆட்பட்ட திறனாய்வு. 1906இல் யுனைடெட் புக்கிங் ஆபீஸ் அமைந்து ஒப்பந்தங்களெல்லாம் ஒரு வாயில் வழியே செல்லத் தொடங்கியபின், ஓரிடத்துக் குறைமொழி பல நகர்களின் கதவை அடைக்கவல்லதாயிற்று. எழுதப்பட்டவரோ அதனைப் படிக்கும் உரிமை இல்லாதவர்.

சைம் சில்வர்மன் 1905 டிசம்பரில் தொடங்கிய 'வெரைட்டி' இதழ் அச்சில் வெளிப்படையாக மதிப்பிட்டது. புதிய உருப்படிகளுக்கென அது வகுத்த பகுதியிலும் நிமிடமும் மேடை ஆழமும் தலைப்பிலேயே நின்றன. சுவை கூறுமுன் அளவு கூறும் இப்பழக்கம் நம் திறனாய்வாளரும் கொள்ளத்தக்கது.

திறனாய்வின் உரிமை எவ்வளவு என்னும் வினாவையும் இக்களமே வழக்குமன்றம் ஏற்றியது. அயோவா மாநிலத்து மேரியன் ஊரினரான செர்ரி சகோதரியர் தாமே புனைந்த பாட்டும் காட்சியும் கொண்டு ஊர்தோறும் சென்றனர். அவர்தம் திறமைக் குறைவே அவர்தம் புகழாயிற்று. எள்ளி ஆர்ப்பரிக்கவே மக்கள் சீட்டு வாங்கினர். 1896இல் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் அவர்களை நியூயார்க்கின் ஒலிம்பியா அரங்கில் ஏற்றினார். 1898இல் ஓடபோல்ட் ஊரின் செய்தித்தாள் ஒன்று அவர்களைக் கடுமையாகப் பழித்து எழுத, டெமாயின் லீடர் அதனை மறுபதிப்புச் செய்தது. ஆடி செர்ரி மானநட்ட வழக்குத் தொடுத்தார். பொதுமேடை ஏறியவர்தம் நிகழ்ச்சியை இழித்தும் நகைத்தும் எழுதுதற்கு, உள்நோக்கிய தீங்கு இல்லாதவழி, உரிமை உண்டு என்று அயோவா உயர்முறை மன்றம் 1901இல் இதழ்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு நன்று. எழுத்தோ திறனாய்வு அன்று. குரலையும் ஆட்டத்தையும் அஃது ஓரளவு தொட்டதாயினும், அதன் ஊக்கமெல்லாம் அப்பெண்டிர்தம் அகவையையும் உறுப்புகளையும் குதிரைக்கு ஒப்பிட்டு நகைப்பதிலேயே சென்றது. நகைக்குத் தொல்காப்பியர் வகுத்த நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று. யார் யாரை எள்ளினர் என்று அவ்வெழுத்தாளர் கேட்டிருத்தல் வேண்டும். ஹாமர்ஸ்டைன் விலைக்கு விற்றது அவையின் எள்ளலையே. மேடையில் நின்ற பெண்டிர் அதற்குக் கருவி. இருக்கையில் இருந்தோரே அந்த உருப்படியின் பெரும்பகுதியை நடித்தனர். அதனைக் கூறாது, எறிபவரோடு கூடித் தாமும் ஒரு கல் எறிந்தார் அவர். சட்டம் அதற்கு இடந்தந்தது என்பதனால் மதிப்பீடு ஆகிவிடாது.

கீத் நிறுவனத்து மேலாளர் அறிக்கைகள் இன்று அதே அயோவா மாநிலத்தில், அதன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1902 முதல் 1923 வரையிலானவை. புகழ்பெற்றார்க்கு அவை வேண்டா. அவர்க்கு வேறு சான்று பல. முதலிடத்தில் பந்தெறிந்தும் இறுதியிடத்தில் ஊசலிற் தாவியும் சென்ற பெயரறியாக் கலைஞர் பலர்க்கோ, ஒரு பெயர், ஒரு நிமிடக் கணக்கு, மேலாளர் விரைந்து எழுதிய இரண்டு மூன்று வரிகள் ஆகியவற்றினும் மிகுதியாகக் கிடைப்பது அரிது.