களையாத தாலி: புறப்பாடல்களில் விரைந்து முடிந்த பிள்ளைப்பருவம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஆனைமலையின் அடியில் அமைந்த ஊர் ஒத்தக்கடை. காலைப்பொழுதில் அவ்வூர்ச் சாலையோரத்தே நிற்பார், தாயின் கையைப் பற்றியவாறு பள்ளி வண்டியை எதிர்நோக்கும் மூன்றாண்டு, நான்காண்டுக் குழந்தைகளைக் காண்பர். 'வயதுக்கு மீறிய பேச்சு, வயதுக்கு மீறிய அறிவு' என்று பெற்றோர் மகிழ்ந்துரைப்பதையும் கேட்பர். பிள்ளை விரைந்து பெரியவனாதல் பேறா, இழப்பா என்னும் வினா இன்று வீடுதோறும் உளது. இவ்வினா தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. அவர் தந்த விடையை நாம் முற்றும் செவிமடுத்தோமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மதுரையில் இருந்து ஆண்ட தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், இளமையிலேயே அரசேற்றவன். சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் ஒருங்கு திரண்டு அவனை எதிர்த்தனர். புறநானூற்றின் 72ஆம் பாட்டு அவனே பாடிய வஞ்சினம். தன்னை இளையவன் என்று பகைவர் எள்ளி நகைத்தமையே அவன் சினத்திற்கு வித்து என்பதை அப்பாட்டு காட்டும். இளமை அவனுக்கு ஓர் இழிசொல்லாகவே வந்து சேர்ந்தது. அதனை உதறித் தள்ளவே அவன் விழைந்தான். பிள்ளைக்குத் தன் பிள்ளைமை தெரியாது; அதனை அறிந்து காக்க வேண்டியவர் பெரியோரே.

அவ்வாறு அறிந்து நோக்கிய பெரியோர் இடைக்குன்றூர் கிழார். 77ஆம் பாட்டில் அவர் முதற்கண் களையப்பட்டவற்றை எண்ணுகின்றார். கிண்கிணி களைந்த காலில் வீரக்கழல். குடுமி களைந்த தலையில் வேம்பும் உழிஞையும். வளை கழற்றிய கையில் வில். மூன்றிடத்தும் குழந்தையின் அணி நீங்க, மறவனின் பொருள் அதன் இடத்தைக் கொள்கின்றது. நான்காவதாக மார்பினைக் கூறுமிடத்து இவ்வொழுங்கு முறிகின்றது. மார்பில் தார் உண்டு; ஆயின் தாலி இன்னும் களையப்படவில்லை. குழந்தையைக் காக்கப் பூட்டும் ஐம்படைத்தாலி அது என்பர். பால் விடுத்துச் சோறுண்டதும் அன்றுதான் என்கின்றார் புலவர். போர்த்தாரும் பிள்ளைத்தாலியும் ஒரே மார்பில் கிடக்கின்றன. தேர்மேல் நிற்பவன் யாவன் என்று புலவர் வினவுவதில் வியப்போடு திடுக்கீடும் கலந்துளது.

இப்பாட்டு வாகைத்திணையில், அரசவாகைத் துறையில் வகுக்கப்பட்டது. ஆதலின் வென்றியைப் பாடுவதன்றி வேறில்லை எனச் சிலர் கூறக்கூடும். துறை, பாட்டின் நிகழ்ச்சிக்குப் பெயர் தருவது. பாடுவோன் நெஞ்சில் உள்ளன எல்லாவற்றிற்கும் எல்லை கட்டுவதன்று. பகைவரைக் கண்டு வியவாமையும், வீழ்த்திய பின் களிகொள்ளாமையும் பெருந்தகைமை எனப் போற்றப்படும். அது பொருந்தும். ஆயின் சிறியதொரு வெற்றிக்கும் துள்ளிக் குதிப்பது பிள்ளை இயல்பு. அதுவும் இவனிடத்து இல்லை என்பது அச்சொற்களில் அடங்கியே கிடக்கின்றது.

அரசனைப் போர் அழைத்தது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டில் தாயே மகனை அனுப்புகின்றாள். உறவினன் ஒருவன் முன்னொரு போரிலும், கணவன் நேற்றைய போரிலும் மடிந்தனர். இன்று பறை கேட்டதும், ஒரே மகன் கையில் வேலைத் தந்து, வெள்ளாடை உடுத்து, அவன் குடுமிக்கு எண்ணெய் நீவி விடுக்கின்றாள். மகனின் அகவை கூறப்படவில்லை. எனினும் ஆடை உடுத்தலும் எண்ணெய் நீவலும் சிறுவனுக்குத் தாய் நாள்தோறும் செய்வன அன்றோ? மூதின் முல்லைக்குச் சான்றாக இதனைக் காட்டுவோர், புலவர் இவள் துணிவைக் கடிது என்று தொடக்கத்திலேயே கூறியதையும், விருப்போடு மயக்கத்தையும் அவள்மேல் வைத்ததையும் கடந்து போகின்றனர். புகழ்தலும் அஞ்சுதலும் ஒருங்கே நிகழும் பாட்டு இது.

பாண்டியர் குடியிலேயே இதற்கு மறுதலையான குரலும் உண்டு. அறிவுடைநம்பி பாடிய 188ஆம் பாட்டு, குறுநடை நடந்து சென்று நெய்ச்சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வைப் பயனற்றது என்கின்றது. அக்குழந்தை எதனையும் வென்றதில்லை, எதனையும் கற்றதில்லை. குழந்தையாய் இருப்பதே அது பெற்றோர்க்குத் தரும் பயன்.

பிரெஞ்சு வரலாற்றறிஞர் பிலிப் ஆரியெஸ் 1960இல் வெளியிட்ட நூலில், இடைக்கால ஐரோப்பாவில் பிள்ளைப்பருவம் தனிப்பருவமாக உணரப்படவில்லை என்றார். சிறுவர்க்குப் பெரியோர் உடையையே அணிவித்தமையை ஒரு சான்றாகவும் காட்டினார். அவர் கருத்தைப் பின்னையோர் மறுத்தும் எழுதினர். தமிழ்ச்சான்று மறுப்பாரையே வலியுறுத்தும். கிண்கிணி, குறுவளை, ஐம்படைத்தாலி என அணிகளாலேயே பருவத்தை வரையறுத்தவர் நம் முன்னோர். எல்லை இருந்தமையாலன்றோ அதனைக் கடத்தல் புலவர் கண்ணை உறுத்திற்று?

இவ்வுணர்வின் முதிர்ந்த வடிவமே பிள்ளைத்தமிழ். பாட்டியல் நூல்கள் மூன்றாம் திங்கள் முதலாக ஒற்றைத் திங்கள்களில் பருவங்களை வைத்தன. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடிய நூலில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, அம்மானை, நீராடல், ஊசல் எனப் பத்துப் பருவங்களும் முறைபிறழாது வருகின்றன. தடாதகையாக முடிசூடித் திசையெல்லாம் வென்றவள் எனப் புராணம் போற்றும் அரசி அவள். அவளையும் புலவர் தாலாட்டுகின்றார்; கைகொட்ட வேண்டுகின்றார்; அவளோடு ஆட நிலவை அழைக்கின்றார். வென்றியைப் பாடிய போதும் ஒரு பருவத்தையேனும் விட்டு அடுத்ததற்குத் தாவினாரல்லர்.

நெடுஞ்செழியனுக்குக் கிடையாத பருவங்களைத் தமிழ், பல நூற்றாண்டு கழித்து, அதே மதுரையின் அரசிக்கு ஒன்றும் குறையாமல் அளித்தது. அவன் தேரேறியது நாடு காக்க, அந்நெருக்கடிக்கு மாற்றில்லை. ஒத்தக்கடைச் சாலையில் நிற்கும் குழந்தைக்கு அத்தகைய நெருக்கடி யாதுமில்லை. அதன் விரைவு, பெற்றோராகிய நாம் ஏற்றியது. ஆதலின் 77ஆம் பாட்டைப் பயிற்றும் ஆசிரியர், கழலையும் வில்லையும் காட்டியதோடு அமையாது, களையாத தாலியையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். புலவர் அதனைக் கண்டார். கண்டதை மறையாது பாட்டில் வைத்தார்.