மூக்கறுப்பும் கம்பெனியும்

திருப்பூரில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனிதான். "கம்பெனிக்குப் போயிட்டாருங்க" என்று சொல்லும்போது யாருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி ஞாபகம் வருவதில்லை. ஆனால், அந்தக் கம்பெனியின் படைக்கு மாடு ஓட்டிய ஒருவரின் மூக்கைப் பற்றிய கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தவை கட்டிங் செக்‌ஷனில் பார்த்த விரல்கள்.

1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வந்த கடிதம் அது. கவாஸ்ஜி மராட்டிய உழவர் சாதிக்காரர். 1792 மைசூர்ப் போரில் திப்புவிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு கழித்து, புனே அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் மெழுகில் அளவெடுத்து, நெற்றித்தோலை அறுத்துத் திருப்பி, புது மூக்கு வைத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்கள் இருவர் உடனிருந்து பார்த்தார்கள். 1814இல் லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதே முறையில் ராணுவ அதிகாரி ஒருவருக்கு மூக்கு அமைத்தார்.

இதை நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் தொடக்கக் கதையாகச் சொல்கிறார்கள். நாமும் சுஸ்ருதர் வரை போய்ப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பெருமைக்கு நடுவே இரண்டு விஷயங்கள் நழுவிவிடுகின்றன. வேடிக்கை பார்த்த துரைமார் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை, சாதி மட்டும் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று, கவாஸ்ஜியின் கை. மூக்கு வந்தது, கை என்ன ஆச்சு?

கையைத் திருப்பித் தருகிற வித்தை அன்று எங்கும் இல்லை என்பது சரி. என் கேள்வி வித்தையைப் பற்றியதல்ல, மதிப்பைப் பற்றியது. திருமலை நாயக்கர் காலத்து மூக்கறுப்புப் போரில் மைசூர்ப்படை சத்தியமங்கலம் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் இறங்கியது. மூக்கை அறுத்தது, பிறகு அறுபட்டது. நம் மொழியில் இன்றும் அவமானத்துக்கு மூக்கறுப்பு என்றுதான் பேர். முகம் அரசின் மானம். போரில் சிதைந்த முகத்தை ஊர் பார்த்தால் போரின் முகம் தெரிந்துவிடும். முதல் உலகப்போரின்போது சிட்கப் மருத்துவமனையில் ஹரால்ட் கில்லிஸ் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் முகங்களைச் சீரமைத்தார். 'மிகக் கடுமையான முகச்சிதைவு' பிரிட்டிஷ் போர் ஓய்வூதியப் பட்டியலில் முழு ஓய்வூதியத்துக்கு உரியதாக இருந்தது.

ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அதே சொற்களைப் பார்த்துத் திகைத்தேன். மிகக் கடுமையான முகச்சிதைவுக்கு நூறு சதவீதம். கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14, சுண்டுவிரலுக்கு 7. வலதா இடதா என்றுகூடக் கேட்காத அட்டவணை. முகத்துக்கு நூறு கூடாது என்று நான் சொல்லவில்லை. சிதைந்த முகத்தோடு போனால் யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால், கட்டிங் மாஸ்டருக்கு ஆள்காட்டி விரல் பதினாலு சதவீதமா? எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்: "மூஞ்சி நல்லாத்தானுங்க இருக்குது, வேலைதானுங்க இல்ல." எந்த உறுப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது உடல் அல்ல, உடலைப் பயன்படுத்துகிற அதிகாரம்.

கையைச் சீரமைக்கும் மருத்துவம் இங்கே பெரிதும் வேறு வழிகளில் வளர்ந்தது. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை விரித்தார். சென்னை ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமி கை அறுவைத்துறையைக் கட்டியெழுப்பினார். கோவை கங்கா மருத்துவமனையில் மில்லிலும் பட்டறையிலும் நசுங்கிய கைகள் சீராகின்றன. பாராட்ட வேண்டியதுதான். ஆனால், அங்கிருந்து திரும்புகிறவரிடம் கம்பெனி கேட்பது ஒன்றே: "எப்ப வேலைக்கு வர்றே?" தன் கையைப் பார்க்கத் தனக்கே கூச்சமாக இருக்கிறது, மகள் கல்யாணத்தில் பந்தியில் எப்படிப் பரிமாறுவது என்று அவர் கவலைப்பட்டால், அது 'அழகு' விவகாரமாகிவிடுகிறது. மானம் சிப்பாய்க்கு மருத்துவம், தொழிலாளிக்கு ஆடம்பரம்.

கவாஸ்ஜி கம்பெனியிடம் ஓய்வூதியம் பெற்றதாக அந்தக் கடிதம் சொல்கிறது. மஸ்டர் ரோலில் பேரே ஏறாத பீஸ்ரேட்காரருக்கு நம்ம கம்பெனியில் அந்தப் பதினாலு சதவீதமும் கிடையாது. அட்டவணையைத் திருத்தச் சொல்வதற்கு முன்னால், அவருடைய பேரை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.