வழி யாருக்கு?

2013 அக்டோபர் 26, செயின்ட் லூயிஸ் நகரின் புஷ் மைதானம். பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதியில் கார்டினல்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 4-4 என்று சமநிலையில் நிற்கின்றன. ஹோம் பிளேட்டில் ஒரு ரன்னரை அவுட்டாக்கிய கையோடு, பாஸ்டன் கேட்சர் சால்டலமாக்கியா பந்தை மூன்றாவது பேஸுக்கு வீசினார். வீச்சு தவறியது. அதைப் பிடிக்கப் பாய்ந்த பாஸ்டனின் மூன்றாவது பேஸ் ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸ் குப்புற விழுந்தார். பந்து இடதுபுறப் புல்வெளிக்கு ஓடியது. மூன்றாவது பேஸுக்குச் சறுக்கி வந்திருந்த கார்டினல்ஸ் ரன்னர், காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த ஆலன் கிரெய்க், எழுந்து ஓடப் பார்த்து, கிடந்தவர் மேல் தடுக்கி விழுந்தார். எழுந்து தடுமாறி ஓடிய அவரை ஹோம் பிளேட்டில் பந்தோடு தொட்டும்விட்டார்கள். ஆனாலும் ரன் கொடுக்கப்பட்டது. கார்டினல்ஸ் 5-4 என வென்றது. உலகத் தொடர் ஆட்டம் ஒன்று தடுப்புக்கான தீர்ப்போடு முடிந்தது அதுவே முதல் முறை.

மிடில்புரூக்ஸின் கால்கள் மேலே எழும்பின. வேண்டுமென்றே தூக்கினாரா? கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கும் இதே கேள்விதான் முதலில் தோன்றும். ஃபீல்டிங்குக்கு இடையூறு செய்ததாக பேட்ஸ்மேனை அவுட் கொடுக்க, அங்கே உள்நோக்கம் தெரிய வேண்டும். மூன்றாவது பேஸ் அருகே நின்ற அம்பயர் ஜிம் ஜாய்ஸுக்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை.

அவர் பார்க்க வேண்டியது பந்து எங்கே இருக்கிறது என்பதைத்தான். அடிபட்டு வரும் பந்தை எடுக்க ஃபீல்டர் முயலும்வரை வழி அவருக்கு. ரன்னர்தான் ஒதுங்க வேண்டும். தெரியாமல் இடித்தாலும் அவுட். பந்து கையிலும் இல்லை, அதை எடுக்கும் நிலையிலும் இல்லை என்று ஆன நொடியே வழி ரன்னருக்கு மாறிவிடுகிறது. பாய்ந்து, பந்தைத் தவறவிட்டு, தரையிலேயே கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்தும் ஃபீல்டரை விதிப்புத்தகமே உதாரணம் காட்டுகிறது. வீசப்பட்ட பந்துக்கு ரன்னர் குறுக்கே வந்தால்தான் வேண்டுமென்று செய்தாரா என்று பார்ப்பார்கள்.

விழுந்தவர் காற்றில் மறைந்தா போவார் என்று கேட்கலாம். மிடில்புரூக்ஸுக்கு இது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் மனதைப் படிக்கும் வேலையை அம்பயர் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதை 1975 உலகத் தொடர் காட்டியது. சின்சினாட்டியில் பத்தாவது இன்னிங்ஸ். சின்சினாட்டி பேட்டர் எட் ஆர்ம்ப்ரிஸ்டர் மெல்லத் தட்டிய பந்தை எடுக்கப் போன பாஸ்டன் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க் அவர் மேலேயே மோதினார். அடுத்து அவர் வீசிய பந்து மைதானத்தின் நடுப்பகுதிக்குப் பறந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, எனவே குறுக்கீடு இல்லை என்றார் அம்பயர் லாரி பார்னெட். சின்சினாட்டி 6-5 என வென்றது. பேட்டரும் கேட்சரும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் அந்த மோதலுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு என்பதும் உண்மை. ஆனாலும் பாஸ்டன் ரசிகர்கள் அந்தத் தீர்ப்பை மன்னிக்கவே இல்லை.

ஜாய்ஸிடம் நான் வியப்பது வேகத்தை. 2010இல் டெட்ராய்ட்டில் இவர் கொடுத்த தவறான தீர்ப்பால்தான் பந்துவீச்சாளர் ஆர்மண்டோ கலராகா ஒரு பர்ஃபெக்ட் கேமை, அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாத ஆட்டத்தை, இழந்தார். ஜாய்ஸே அதைக் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார். அப்படி அடிபட்டவர், உலகத் தொடரின் கடைசி நொடியில் ஓட்டம் எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டு வாய் திறந்திருக்கலாம். கிரெய்க் விழுந்ததுமே அறிவித்துவிட்டார்.

ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. அந்த நேரத்தில் கிரெய்க்கை அவுட்டாக்கும் முயற்சி எதுவும் நடக்காததால் பந்து ஓட்டத்திலேயே இருந்தது. மீதி வேலை ஹோம் பிளேட் அம்பயர் டானா டிமுத்துடையது. இடதுபுறத்திலிருந்து பாஸ்டன் ஃபீல்டர் டேனியல் நாவா எறிந்த பந்து வந்தது, கிரெய்க் சறுக்கினார், சால்டலமாக்கியா தொட்டார். டிமுத் மூன்றாவது பேஸைக் கைகாட்டிவிட்டு இரு கைகளையும் விரித்தார். தடை இல்லாவிட்டால் ரன்னர் எதுவரை போயிருப்பார் என்பதை அம்பயர் மனக்கணக்காகப் போட வேண்டும். இந்த விதியில் மிகக் கடினமான இடம் இதுதான். அன்று அந்தக் கணக்கு எளிதாகவே இருந்தது. தடுக்கி விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டு வந்த கிரெய்க்கே கொஞ்சத்தில்தான் தவறவிட்டார்.