பொந்துக்குள் இருப்பவள்

சோமனூர்ப் பக்கம் புது வருஷம் பிறப்பதே காலண்டரில்தான். நூல் கடை, சைசிங் மில், நகைக்கடை, மளிகைக்கடை என்று வீட்டுக்கு ஏழெட்டு வந்து சேரும். பெரும்பாலும் முருகன் அல்லது லட்சுமி. என் பெரியம்மா மகன் பன்னிரண்டு தறி வைத்துக் கூலிக்குக் காடாத் துணி நெய்கிறவர். இரண்டு வருடமாக அவர் சொந்தமாகக் காலண்டர் அடித்துக் கொடுக்கிறார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம், எல்லாம் அவரே எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மூன்று மணிக்குக் காரில் கிளம்பி ஆழியாறு, வால்பாறை, டாப்சிலிப் என்று அலைந்து எடுத்தவை. நேரமில்லாத வாரத்தில் சாமளாபுரம் குளம், இல்லையென்றால் திருப்பூர் நஞ்சராயன் குளம்.

படங்கள் நன்றாகவே இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொறுமையாகக் காத்திருந்து எடுத்த படங்கள் அவை. வெளிச்சம் தெரிந்த கண் அண்ணனுக்கு உண்டு. தறிக்குடோனின் இரைச்சலிலேயே வளர்ந்த ஒருவர் காட்டில் மூச்சுச் சத்தம் கேட்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம். ஆனால் அந்தக் காலண்டர் என் சமையலறையில் ஒரு வருடம் தொங்கியது. தினமும் பார்க்கிற படத்தில் இருப்பதோடு இல்லாததும் கண்ணில் படத் தொடங்கும்.

எட்டுப் படங்கள் விலங்கும் பறவையும். தோகை விரித்த மயில், தந்தமுள்ள கொம்பன், கொம்புள்ள புள்ளிமான், பாறைமேல் நிற்கும் வரையாட்டுக் கடா, ஊதாத் தேன்சிட்டு, வெள்ளை நாடா போல வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பான், பெரிய இருவாச்சி. ஏழும் ஆண். எட்டாவதில் குட்டியை மாரோடு அணைத்த சிங்கவால் குரங்கு. அது வந்திருப்பது மே மாதத்தில், அன்னையர் தினத்துக்காக. ஆக, பெண் இந்தக் காலண்டருக்குள் வர ஒரே வழி தாயாவதுதான்.

இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "ஆண் பறவைக்குத்தான் கலர் அம்மணி. அது இயற்கை. நான் என்ன பண்ணட்டும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெண் தேன்சிட்டு மங்கலான மஞ்சள். பெண்மயிலுக்குத் தோகை கிடையாது. ஆசிய யானைகளில் வெளியே நீண்ட தந்தம் ஆணுக்குத்தான். ஆனால் வரையாட்டில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. யானைக் கூட்டத்தை நடத்திப் போவது வயதில் மூத்த பெண் யானை. நிறத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் கொம்பனுக்கு அதில் என்ன வேலை? அவனும் சேற்று நிறம்தானே.

இந்தத் தேர்வு காட்டிலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேட்டைக்காரர்களின் வரவேற்பறைச் சுவரிலிருந்து வந்தது. துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்துவிட்டதைச் சூசன் சொன்டாக் 1977-இல் வெளியான தன் புகைப்பட நூலில் எழுதினார். ஆயுதம் மாறியும் அளவுகோல் மாறவில்லை. எத்தனை அடித் தந்தம், எத்தனை கிளைக் கொம்பு என்ற அந்தக் கணக்கு இன்று வால் எவ்வளவு நீளம், தோகை எவ்வளவு அகலம் என்று தொடர்கிறது. சுவரில் மாட்டத் தகுந்த உடல் எது என்பதை அன்றே முடிவு செய்துவிட்டார்கள்.

விஞ்ஞானமும் இதில் தப்பவில்லை. பாடுவது ஆண், கேட்பது பெண் என்பது நெடுங்காலம் பாடப்புத்தகச் செய்தி. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தகவல் கிடைத்த 323 பாடும் பறவையினங்களை அலசி, 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்றது. அந்த இனங்களின் மூதாதையரிலேயே பெண்கள் பாடியிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. பெண்பறவைகள் அதிகம் பாடாத வட நாடுகளில் இருந்துகொண்டு உலகத்துக்கே விதி எழுதியதால் வந்த கோளாறு இது.

நம் மா. கிருஷ்ணனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். விதவைப் பெண்ணின் கதையாக ‘முத்துமீனாட்சி’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் காட்டைப் படம் எடுத்தார். பெண்ணுக்கு நியாயம் செய்ய அவர் அப்படி எடுக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் நிறத்தை எடுத்துவிட்டால் ஆணின் சலுகையில் பாதி போய்விடுகிறது. மிச்சமிருப்பது உடலின் அசைவும் அது நிற்கும் நிலமும். அதில் பெண்ணும் ஆணும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

அண்ணனின் ஏழில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இருவாச்சி. வால்பாறைப் பக்கம் எடுத்தது. உயரமான மரத்தின் பொந்து, அதன் வாயில் ஒரு கீறல் போல இடைவெளி, அலகில் அத்திப்பழத்தோடு ஆண்பறவை. சிவந்த கண் அவ்வளவு கூர்மையாக வந்திருக்கிறது. கீழே அச்சிட்ட வரி: ‘குடும்பத் தலைவன்.’

பொந்துக்குள் யார்? படத்தில் அந்தக் கீறலின் இருட்டு மட்டும்தான். உள்ளே போன பெண் இருவாச்சி தன் எச்சத்தையே சாந்தாகப் பூசி வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஒன்றோ இரண்டோ முட்டை. நாற்பது நாள் போல அடைகாக்கிறது. அதற்குள்ளேயே பழைய இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கிறது. குஞ்சு பாதி வளர்ந்ததும் தானே சுவரை உடைத்து வெளியே வருகிறது. உள்ளிருக்கும் குஞ்சு திரும்பவும் அடைத்துக்கொள்ள, அதன்பின் தாயும் தகப்பனும் சேர்ந்து இரை கொண்டுவருகிறார்கள்.

நம் ஊர் வழிகாட்டிகள் இதைப் பதிவிரதைக் கதையாகச் சொல்வார்கள். ஆங்கிலக் குறிப்புகள் சிறை என்று எழுதும். இரண்டிலும் பூட்டியவன் அவன், பூட்டப்பட்டவள் அவள். சாந்து குழைத்தது யார், உடைத்தது யார் என்பது இரண்டிலும் இல்லை. இதற்காக இருவாச்சியைப் பெண்ணியவாதி ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. அது முட்டை இடுகிறது, அவ்வளவுதான். என் புகார் படத்தின்மேல். நடப்பதில் பெரும்பகுதி உள்ளே நடக்க, வாசலில் வந்து பழம் நீட்டுபவனுக்குத் தலைவன் பட்டம். இந்தக் காட்சியை நாம் வேறெங்கும் பார்த்ததில்லையா?

ஆனைமலைக் காட்டில் மலபார் சாம்பல் இருவாச்சியின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து எழுதியவர் திவ்யா முதப்பா. அப்படிப்பட்டவர்கள் ஒரு பொந்தின் எதிரே உட்கார்ந்து, எத்தனை முறை இரை வந்தது, என்ன பழம் வந்தது என்று குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். பார்வை என்றால் அதையும் சேர்த்துத்தான். படம் எடுப்பவருக்கு வேண்டியது ஒரு நொடி. அந்த நொடிக்காகச் சாலையோரம் ஐந்தாறு கார் நின்றால் ஆண்பறவை இறங்கத் தயங்கும். தயங்கினால் பட்டினி உள்ளே இருப்பவளுக்கு. கூட்டில் எடுத்த படங்களைப் பல போட்டிகள் ஏற்பதில்லை. அண்ணனுக்கும் அது தெரியும். "காலண்டர்தானே, போட்டிக்கா அனுப்பறேன்?" என்கிறார். உள்ளே இருப்பவள் அவர் கணக்கில் இருந்திருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.

பயணப் படங்கள் நான்கு. கன்னியாகுமரிச் சூரியனும் ஊட்டி ரயிலும் எல்லோரும் எடுப்பவை. விட்டுவிடலாம். ராஜஸ்தானில் தலையில் குடத்தோடு வரிசையாகப் போகும் பெண்கள், வால்பாறையில் தேயிலைக் காட்டுப் பெண்கள். பறவையில் நிறமற்றுப் போன பெண் இங்கே நிறமாக மட்டும் வருகிறாள். பச்சை மேட்டில் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள். முகம் கிடையாது. கையில் இருப்பது கூடை என்று நினைத்தேன், உற்றுப் பார்த்தால் கத்தரி. இப்போது கொழுந்தைப் பெரும்பாலும் கத்தரியால்தான் வெட்டுகிறார்கள். நாள் முழுக்க அதைப் பிடித்த தோள் என்ன ஆகும் என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியாது.

கிட்டப் போய்ப் பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதற்கு மூணாறு இருக்கிறது. 2015 செப்டம்பரில், சுற்றுலாக்காரர்கள் கேமராவோடு வரும் அதே சாலையில், தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண்கள். குறைத்த போனஸை 20 சதவீதமாக்கு, 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கு என்றார்கள். தங்களுக்காகப் பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் போனஸ் கோரிக்கையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதுவரை போஸ்ட்கார்டில் புள்ளிகளாக இருந்தவர்களின் முகம் அந்த ஒன்பது நாள்தான் செய்தித்தாள்களில் வந்தது.

பெண்கள் கேமரா எடுத்தால் எல்லாம் மாறிவிடுமா? அப்படியும் இல்லை. தேனிப் பக்கத்திலிருந்து போய், பொறியியலும் எம்.பி.ஏ.வும் படித்து, டெல்லியில் பொழுதுபோக்காகத் தொடங்கிப் பறவைப் படத்தையே தொழிலாக்கியவர் ரதிகா ராமசாமி. அவர் பெயரோடு ‘முதல் பெண்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. படத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தை அந்தப் பட்டமே பாதி அடைத்துவிடுகிறது. 2020-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் பாராட்டுப் பெற்ற ஐஸ்வர்யா ஸ்ரீதரின் படம் மின்மினிகளைப் பற்றியது. மரமெல்லாம் ஒளிச் சரம். அதைப் பார்க்கும்போதும் இருட்டில் எங்கோ உட்கார்ந்து, எந்த மினுக்கலுக்குப் பதில் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பூச்சியைத்தான் நான் தேடினேன். வந்த பழக்கம் விடாது போல.

கேள்வி கேமராவைவிட நேரத்தைப் பற்றியது. வேலை எதுவும் இல்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? ஞாயிறு விடியலில் அண்ணன் கிளம்பும்போது ஃபிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு அண்ணி தறிக்குடோனைத் திறக்கிறார். தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் வரும் பெண்களும் அப்போதுதான் வருகிறார்கள். அந்தக் குடோன் சுவரிலும் இதே காலண்டர் தொங்குகிறது. அவர்கள் அதில் பார்ப்பது பெரும்பாலும் தேதியை. லீவும் முன்பணமும் பென்சிலால் குறித்திருக்கிறது.

போன மார்கழியில் அண்ணி தன் போனில் ஒரு படம் காட்டினார். குடோன் வாசலில் தொங்கும் பழைய ஒயரில் தேன்சிட்டுக் கூடு. கூட்டில் சிலந்தி நூலோடு தறியிலிருந்து பறந்த பஞ்சும் நூல் பிசிறும். கட்டிக்கொண்டிருந்தது பெண் சிட்டு. தேன்சிட்டில் கட்டுவது அவள்தான், அவன் கூடவே பறந்து பாடுவான். படம் ஆடியிருந்தது. அலகில் பிசிறு தெரிந்தது. இத்தனை நாளும் துணி உலர்த்தும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாராம். கிட்டே போகவே இல்லையாம்.

அடுத்த காலண்டரில் இதைப் போடலாமே என்று அண்ணனிடம் கேட்டேன். வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "மங்கலா இருக்குது, அச்சுக்கு நிக்காது" என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "எந்நேரத்துக்கு வரும் அது?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம காலையிலதானுங்க நல்லா வரும்" என்றார் அண்ணி. "அன்னிக்கு நீங்க ஊட்டுல இருக்கோணுமல்ல."